பகல் பதினோரு மணி வோல்டேஜ்

உங்களுக்கெல்லாம் வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஆளுக்கொரு டாங் டெஸ்டர் கொடுத்திருப்பார்கள். கம்பியைக் கவ்விப் பிடித்தால் எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்று சொல்லும். இரண்டு வயரைச் செருகினால் வோல்டேஜும் சொல்லும். என் காலத்தில் அது முள் ஆடும் கருவி. உங்களுடையதில் எண்கள் பளிச்சென்று எரிகின்றன. அதோடு சேர்த்து ஒரு தீப்பெட்டியும் கொடுக்க வேண்டும் என்று நான் பணியில் இருந்தவரை கேட்டுப் பார்த்தேன். ஸ்டோர்ஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேடம், உடம்பு சரியில்லையா?" என்றார்.

போன வாரம் உங்களில் ஒருவர் போனில் கேட்டார். பயிற்சி வகுப்பில் உலக வரைபடம் போட்டுக் காட்டினார்களாம். எங்கெல்லாம் மக்களுக்கு இன்னும் மின்சாரம் இல்லையோ அங்கெல்லாம் கறுப்பு. நம் ஊர் மஞ்சளாக இருந்ததாம். "அப்ப நமக்கு அந்தப் பிரச்சினை முடிஞ்சுபோச்சு இல்லையா மேடம்?" என்று கேட்டார். கேட்டவர் பெயரைச் சொல்ல மாட்டேன், பாவம். ஆனால் மஞ்சள் நிறம் எப்படிப் பூசப்படுகிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பூசியவர்களில் நானும் ஒருத்தி. ஓய்வு பெற்றாயிற்று, இனிமேல் யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறு பக்கத்தில் ஒரு செக்‌ஷன் ஆபீசுக்கு உதவிப் பொறியாளராக மாற்றலாகி வந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான்தான். நாற்காலிக்கு ஒரு கை இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் கொஞ்சம் கோபக்காரர் என்றார்கள்.

எங்கள் எல்லைக்குள் பெசன்ட் நகர் அடுக்குமாடி வீடுகள் இருந்தன. அவற்றைத் தாண்டிக் கடலை ஒட்டி ஒரு மீனவர் குப்பம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிரான்ஸ்ஃபார்மர், அது அடுக்குமாடிகளின் வாசலில் நிற்கும். அங்கிருந்து கம்பி கிளம்பி, வழியில் இருக்கிற எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியில் குப்பத்துக்குள் நுழையும். பந்தியில் கடைசி இலைக்கு வருகிற பாயசம் மாதிரி. ஆனாலும் எங்கள் பதிவேட்டில் அந்தக் குப்பத்துக்கு நேராக "முழுமையாக மின்மயமாக்கப்பட்டது" என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தது. வீட்டுக்கு ஒரு பல்பு என்ற திட்டத்தில் எல்லா வீட்டிலும் பல்பு தொங்கியது.

நான் வந்த மாதமே குப்பத்திலிருந்து ஒரு புகார் வந்தது. "பல்பு எரிகிறது. வெளிச்சம் வரவில்லை." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் போர்மேனிடம் காட்டினேன். பெரிய மீசை, நிறைய அனுபவம், அதைவிட நிறைய சோம்பல்.

"நம்மளுக்கு எரியுதா இல்லியான்றதுதான் மேடம் மேட்டரு," என்றார். "வெளிச்சம்லாம் வேற டிபார்ட்மென்ட்டு."

நேரில் போய் அளந்துவிட்டு வரலாம் என்றேன். "பதினோரு மணிக்குப் போலாம் மேடம். மீன் வாங்க வர்ற கும்பலு கலைஞ்சிடும், டீக்கட தொறந்து கீயும்," என்றார். அதுவும் நியாயமாகப் பட்டது. பதினோரு மணிக்குப் போனோம், அளந்தோம், முள் இருநூற்று இருபத்தெட்டில் நின்றது. பாடப்புத்தகத்தில் படம் போடலாம், அப்படி ஒரு வோல்டேஜ். டீ குடித்துவிட்டு வந்து நான் எழுதிய அறிக்கை இது: "நேரில் ஆய்வு செய்யப்பட்டது. வோல்டேஜ் சரியாக உள்ளது. புகாரில் உண்மை இல்லை." அந்தக் கடைசி வரியை எழுதும்போது ஒரு சுகம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கும் வரும், பாருங்கள்.

நான்கு மாதத்தில் மூன்று புகார்கள். மூன்று முறையும் பதினோரு மணி, மூன்று முறையும் டீ, மூன்று முறையும் "புகாரில் உண்மை இல்லை."

இதற்கு நடுவில் ஒரு புடவை விவகாரம். இதற்கும் கரன்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். சித்தி பெண் கல்யாணத்துக்கென்று தி.நகர் பாண்டி பஜார் பக்கத்தில் ஒரு கடையில் பாட்டில் பச்சையில் பட்டுப்புடவை எடுத்தேன். ஃபால்ஸ் தைக்க அவர்களிடமே கொடுத்துவிட்டு மறுநாள் வாங்கி வந்தேன். மயிலாப்பூரில் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பிரித்துப் பார்த்தாள்.

"ஏண்டி, பச்சைப் புடவைக்கு யாராவது நீலத்துல ஃபால்ஸ் வைப்பாளா? கடையிலயே பாத்து வாங்கிண்டு வரப்படாதா? இன்ஜினீயராம் இன்ஜினீயர்!"

இந்த ஒரு வார்த்தை போதாதா? நேரே தி.நகருக்குத் திரும்பிப் போய்க் கடை நடுவில் நின்று கத்தினேன். மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் கெஞ்சினார். விடிந்தால் கல்யாணம், நேரமில்லை. "இந்த வேலைக்குக் கண் தெரிஞ்சவங்களா பார்த்து வையுங்க," என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். "நான் பாத்துக்கறேன் மேடம், இனிமே இப்படி நடக்காது," என்றார் அவர். ஃபால்ஸ் உள்பக்கம்தானே, வெளியே தெரியாது என்று அந்தப் புடவையையே கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனேன்.

மூன்றாவது அறிக்கையை அனுப்பிய அதே வாரம், ஆபீஸ் வாசலில் ஒரு மீன்கூடை வந்து இறங்கியது. பின்னாலேயே அதற்குச் சொந்தக்காரி உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெற்றிலை போட்ட வாய். பெயர் தேசம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"பொகாருல உண்மை இல்லேன்னு எய்தினது யாரு?"

போர்மேன் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். நான்தான் என்றேன்.

"நீதானா? பாத்தா படிச்ச பொண்ணாட்டம் கீறே?"

"வோல்டேஜ் சரியாத்தான்மா இருக்கு. நானே நேர்ல வந்து அளந்தேன்."

"வந்தே, நானும் பாத்தேன். பட்டப்பகல்ல வந்து அளந்துகினு போனே. அந்நேரத்துக்கு எவ பல்பு போடுவா? மேல சூரியன் ஓசியில எரிஞ்சிகினு கீது." ஆபீசில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாயங்காலம் ஏயு மணிக்கு வா. சாப்புட வா. கவுர்மென்டு ஆளா வராத, விருந்தாளியா வா."

"நான் மீன் சாப்பிட மாட்டேனே."

"அதான் மூஞ்சியிலயே எய்தி ஒட்டிகீதே. உனுக்குன்னு கத்திரிக்கா போட்டுக் கொயம்பு வக்கிறேன், வா."

போக வேண்டும் என்று கட்டாயமில்லை. விதிப்படி அந்தப் புகார் முடிந்துபோன புகார். ஆனால் "படிச்ச பொண்ணாட்டம்" என்று அவள் சொன்ன விதம் சாயங்காலம் வரை உறுத்திக்கொண்டே இருந்தது. டாங் டெஸ்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அவள் வீட்டு நடுவில் பல்பு எரிந்தது. எரிந்தது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். பீடி நுனி அளவுக்குச் சிவப்பாக உள்ளே கம்பி மட்டும் தெரிந்தது. பல்பு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு மட்டும் போதுமான வெளிச்சம். அதற்குக் கீழே ஒரு சிம்னி விளக்கு வைத்திருந்தார்கள். உண்மையில் வீட்டுக்கு வெளிச்சம் அதுதான். நான் வோல்டேஜ் பார்க்க வயர்களைச் செருகினேன். முள் எங்கோ நகர்ந்து நின்றது. எங்கே நின்றது என்று தெரியவில்லை. கண்ணருகில் கொண்டுபோனேன், சாய்த்துப் பார்த்தேன், ம்ஹூம். கடைசியில் தேசம்மா ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பக்கத்தில் பிடித்தாள். நூற்றுப் பத்து.

மின்சாரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நான் தீக்குச்சி வெளிச்சத்தை நாடியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அது வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு இருட்டாக இருந்தது, அது ஒரு சௌகரியம்.

காரணம் புரிய அரை நிமிடம் ஆகவில்லை. ஏழு மணிக்கு அடுக்குமாடிகளில் எல்லோரும் ஆபீஸ் விட்டு வந்து ஏசியைப் போடுகிறார்கள், தண்ணீர் மோட்டாரைப் போடுகிறார்கள். கடைசி இலைக்குப் பாயசம் தீர்ந்துவிடுகிறது. பதினோரு மணிக்கு அவர்களும் வீட்டில் இல்லை, பல்பும் எரியவில்லை, வோல்டேஜ் மட்டும் ராஜா மாதிரி நிற்கிறது.

தட்டு வந்தது. குழம்பில் துண்டு துண்டாக ஏதோ கிடந்தது. நான் தயங்கியதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள் தேசம்மா.

"இன்னா, கத்திரிக்காவா மீனான்னு தெர்ல இல்ல? எங்களுக்கும் அப்பிடித்தான். முள்ளு குத்துனாத்தான் மீனு."

நம்பிக்கையின் பேரில் சாப்பிட்டேன். நான் சாப்பிட்டது கத்திரிக்காய்தான் என்று அன்றிரவு அம்மாவிடம் உறுதியாகச் சொன்னேன்.

அந்தச் சிம்னி விளக்குக்கு முன்னால் தேசம்மாவின் மகள் கலா குனிந்து உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், இரண்டு குழந்தைகள். மடியில் புடவைகள். தி.நகரில் ஒரு கடைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறாளாம். சாயங்காலம் கொடுப்பார்கள், மறுநாள் கடை திறக்கும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடலில் மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஊசியால்தான் என்று தேசம்மா சொன்னாள்.

"இந்த வெளிச்சத்துல பச்சயும் நீலமும் ஒரே மாதிரி கீது மேடம்," என்றாள் கலா, தலையைத் தூக்காமல். "போன மாசம் ஒரு பச்சப் பட்டுக்கு நீலம் வச்சிட்டேன். எந்தப் புண்ணியவதியோ கடையில நின்னு கத்துகத்துன்னு கத்திட்டுப் போயிட்டாங்களாம். கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கு வேலை குடுக்கறேன்னு. இன்னொரு தபா இப்பிடி ஆச்சுன்னா பையைத் தூக்கிகினு போயிடுன்னு கடைக்காரரு சொல்லிட்டாரு. இன்னும் நாலு மாசத்துல தீவாளி வேற வருது."

அந்தப் புண்ணியவதி நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று முறை அறிக்கை எழுதி அவளை இருட்டில் உட்காரவைத்ததும் நான், இருட்டில் தைத்தாள் என்பதற்காகக் கடைக்குப் போய்க் கத்தியதும் நான். இரண்டையும் ஒரே நாளில் ஒப்புக்கொள்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

மறுநாள் காலை செயற்பொறியாளரைப் பார்க்கப் போனேன். எங்கள் டிவிஷனுக்கே தலைவர். குப்பத்துக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்றேன்.

"அந்தக் குப்பம்தான் முழுசா மின்மயம் ஆயிடுச்சேம்மா," என்றார். "கையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அது தி.நகர்ல ஒரு கல்யாண மண்டபத்துக்குன்னு முடிவாயிடுச்சு."

"ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து பாருங்க சார்."

"ஆபீஸ் நேரத்துக்கு மேல ஆய்வு பண்றதுக்கு விதியில இடமில்லைம்மா."

என் மூன்று அறிக்கைகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கோப்பு என் மேஜையில் மற்ற கோப்புகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

இந்த இடத்தில் நான் செய்ததை நீங்கள் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். செய்யக் கூடாது என்றும் சொல்ல மாட்டேன். செயற்பொறியாளருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று பொன்னாடை, இன்னொன்று மைக். அடுத்த மாதம் ஆடி. குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அன்று சாயங்காலம் அவருக்கு ஒரு பாராட்டு விழா வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பாராட்டு விழாவுக்கு விதியில் எல்லா நேரத்திலும் இடமுண்டு.

தேசம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். குப்பத்துப் பெரியவர்தான் முரண்டு பிடித்தார். திருவிழாவுக்கு வருடா வருடம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பார்கள். இந்த முறை வேண்டாம் என்றால் அவருக்குக் கோபம் வராதா?

"ஆத்தாவை இருட்டுல குந்த வைக்கிறதா?" என்று கேட்டார்.

"ஆத்தா வருசம் பூரா இந்த இருட்டுலதான் குந்திகினு கீறா," என்றாள் தேசம்மா. "ஒருநாளு அந்த ஆபீசரும் குந்தட்டும். இன்னா கெட்டுப் போச்சு?"

செயற்பொறியாளருக்கு உரை எழுதிக் கொடுப்பது எப்போதும் உதவிப் பொறியாளர்களின் வேலை. மகிழ்ச்சியோடு எழுதினேன். "இந்தக் குப்பத்தில் விளக்கு எரியாத வீடே இல்லை என்று சொல்வதில் நான் பெருமை கொள்கிறேன்" என்ற வரியை நட்டநடுவில் வைத்தேன். டைப்பிஸ்ட் அம்மாவிடம் டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன் போட வேண்டாம், பழைய ரிப்பனே போதும், எழுத்து மங்கினால் பரவாயில்லை என்று சொன்னேன். அரசாங்கச் சிக்கனம்.

ஆறரை மணி என்று சொல்லியிருந்தோம். பெரிய மனிதர்கள் வழக்கப்படி செயற்பொறியாளர் ஏழு மணிக்கு வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். மைக் செட் மட்டும் பேட்டரியில் ஓடுவது, கணீரென்று கேட்டது. அவருடைய தலைக்கு மேல் கோயில் பல்பு பீடி நுனியாகத் தொங்கியது. அவர் உரையைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். காகிதத்தைக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், பல்பைப் பார்த்தார்.

"என்னய்யா இது, ஒரு எழவும் தெரியலையே!"

மைக் வாய்க்கு நேராக இருந்தது. படகுகளுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டது.

தேசம்மா சாவகாசமாக எழுந்து வந்து சிம்னி விளக்கை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "படி நைனா," என்றாள். அவரும் பழக்கதோஷத்தில் படித்தார். பழகிய வாய், நிற்காது. "இந்தக் குப்பத்தில் விளக்கு எரியாத வீடே இல்லை என்று சொல்வதில்..." அங்கே நின்றார். பிறகு முன்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். குப்பமே சிரித்தது. போர்மேன் மீசையைக் கையால் பொத்திக்கொண்டார்.

அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "டாங் டெஸ்டர் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். இருந்தது. வயர்களைச் செருகினேன். அவரே குனிந்து பார்த்தார். அவருக்கும் முள் தெரியவில்லை. தேசம்மா கேட்காமலே விளக்கை இறக்கிப் பிடித்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இங்கேருந்து இதுக்கு முன்னாடி புகாரே வந்ததில்லையா?"

"வந்தது சார்."

"யார் போய்ப் பார்த்தது?"

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாத் திட்டமும் போட்டவள், இந்தக் கேள்வி வரும் என்று மட்டும் யோசிக்கவில்லை. போர்மேன் என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்: "இன்னிக்குத்தான் வோல்டேஜ் எறங்கிச்சுன்னு சொல்லிடுங்க மேடம். மேட்டரு முடிஞ்சிடும்." யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனைதான். ஒருவேளை டிரான்ஸ்ஃபார்மரும் கிடைத்திருக்கும், நானும் தப்பித்திருப்பேன். ஆனால் எதிரே முன்வரிசையில் கலா உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு மட்டும்தான் இருட்டு என்று அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"நான்தான் சார் பார்த்தேன். மூணு தடவையும். பகல் பதினோரு மணிக்கு வந்து அளந்துட்டு, புகாரில் உண்மை இல்லைன்னு எழுதினேன்."

மைக்கை யாரும் அணைக்கவில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. அந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கார் ஏறும்போது அவர் சொன்னார்: "மெமோவும் வரும், டிரான்ஸ்ஃபார்மரும் வரும். எது முதல்ல வரும்னு சொல்ல முடியாது." நம் துறையில் வேலை பார்க்கிற உங்களுக்கு விடை தெரியும். மெமோ மறுநாள் வந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மூன்று மாதம் ஆயிற்று.

தீபாவளி நெருங்க நெருங்கக் கலாவின் பை பெருத்தது. அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தி.நகரிலிருந்து வரும் பஸ்ஸில் விளக்கு நன்றாக எரியும். பெசன்ட் நகர் வருவதற்குள் ஒவ்வொரு புடவைக்கும் அதன் நிறத்து ஃபால்ஸைச் சேர்த்துக் குண்டூசி குத்திவிடுவாள். பக்கத்து சீட்டு அம்மாக்கள் முந்தானையைப் பிடித்துக்கொள்வார்களாம். தீபாவளிக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கவே இடமில்லாமல் போனபோது அந்த வழியும் அடைபட்டது. இதற்குள் தி.நகர் கல்யாண மண்டபத்துக்காரர்கள் வேறு யார் யாரையோ பிடித்து டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பப் பார்த்தார்கள். நான் தினமும் காலையில் செயற்பொறியாளர் அறை வாசலில் போய் நின்றேன். ஒன்றும் பேச மாட்டேன், வணக்கம் மட்டும் வைப்பேன். பத்தாவது நாள், "லாரி கிளம்பிடுச்சும்மா, இனிமே என் கண்ணு முன்னாடி வராதே," என்றார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் குப்பத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு இணைப்புக் கொடுத்தோம். அன்று நான் அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். நீல ஃபால்ஸோடுதான். இன்றைக்கு எப்படியும் கலாவிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கட்டினேன். சாயங்காலம் முழுக்க வாய் வரவில்லை. ஏழு மணிக்குப் போர்மேன் கம்பத்தருகே நின்று சுவிட்சைப் போட்டார். குப்பத்து பல்புகள் எல்லாம் ஒன்றாக வெள்ளையாக எரிந்தன. பெண்கள் கூச்சல் போட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, யாராவது பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று அழுதேன். ஈர மணலில் புடவை நனையாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி தேசம்மா வீட்டுக்குள் நுழைந்தேன்.

கலா என் முகத்தைப் பார்க்கவில்லை. காலடியைப் பார்த்தாள். மெல்ல வந்து குனிந்து, புடவை ஓரத்தைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இது நான் வச்ச ஃபால்சு."

புடவை ஓரத்தை விடாமலே நிமிர்ந்தாள்.

"கடையில கத்துனது நீங்கதானா மேடம்?"

"நான்தான் கலா."

தேசம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள். இன்றைக்கு உதைதான் என்று நினைத்தேன். கலா கொடியிலிருந்து தன் அம்மாவின் புடவை ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள். "அதைக் கயட்டிக் குடுங்க. மாத்தித் தரேன்," என்றாள். வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. மீன் வாசனைப் புடவையைக் கட்டிக்கொண்டு பல்புக்கு அடியில் உட்கார்ந்தேன். போர்மேன் எட்டிப் பார்த்தார், என்னை அடையாளம் தெரியாமல், "மேடம் எங்க கீறாங்கோ?" என்று என்னையே கேட்டார்.

தேசம்மா தட்டு வைத்தாள். இந்த முறை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. குழம்பில் கிடந்தது கத்திரிக்காய், விதைகூடத் தெரிந்தது. முதல் முறை சாப்பிட்டதில் விதை இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. நிமிர்ந்து தேசம்மாவைப் பார்த்தேன். அவள் மிகவும் அக்கறையாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

கலா நீலத்தைப் பிரித்து எறிந்துவிட்டு, பையிலிருந்து பச்சைத் துண்டு ஒன்றை எடுத்துப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்து, தைக்க ஆரம்பித்திருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"நீங்க கடையில ஒரு கம்ப்ளெயின்டுதான குடுத்தீங்கோ?"

"ஆமாம்."

"ஒரே நாள்ல நடவடிக்கை எடுத்துட்டாங்கோ. யாரும் வந்து அளந்து பாத்து, உண்மை இல்லேன்னு எய்தலியா?"

"எழுதலை," என்றேன்.

அவள் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து, புடவையைப் பல்புக்கு அடியில் என் முன்னால் விரித்துப் போட்டாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க மேடம். கொறை எதுனா இருந்தா இங்கியே சொல்லிடுங்கோ. கடைக்குப் போயி சொல்லாதீங்கோ."